லேப்டாப் கொடுத்தால் திறமை வந்துவிடுமா? (எஸ்டோனியா, கேரளம், கோவில்பட்டி)

15 மார்ச் 2025 – கேள்வி

நேற்று தமிழ்நாடு பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வருடத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்திருக்கிறார்கள். 2011லும் கொடுத்தார்கள், பாதிப் பேர் விற்றுத் தின்றதுதான் மிச்சம். எஸ்டோனியா என்ற குட்டி நாடு டிஜிட்டலில் எங்கேயோ போய்விட்டது. திறமையை வளர்க்காமல் பெட்டியை மட்டும் கொடுத்தால் எப்படி? சென்டர் நடத்தியவர்கள், லேபில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

15 மார்ச், இரவு 11.40

இரண்டுமே நான்தான். 2001 முதல் 2013 வரை கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். மாடியில் ஒரே அறை, எட்டு சிஸ்டம், காது கிழியக் கத்தும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று. கடையை மூடியபிறகு ஒரு பாலிடெக்னிக்கில் லேப் பார்க்கிறேன். அதன் பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

தம்பி, நீங்கள் சொல்வதுதான் என் கட்சியும். கணக்கே இடிக்கிறதே. ஒதுக்கியது 2,000 கோடி, ஆள் 20 லட்சம். வகுத்தால் தலைக்குப் பத்தாயிரம். பத்தாயிரத்துக்கு லேப்டாப் வராது. பையும் மவுஸும் வேண்டுமானால் ரொம்ப நல்லதாக வரும்.

எஸ்டோனியாவைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. 1991ல் சோவியத்திலிருந்து பிரிந்து வந்தபோது கஜானாவில் பெரிதாக ஒன்றும் கிடையாது. 1996 பிப்ரவரியில் அதிபர் லென்னார்ட் மெரி ‘புலிப் பாய்ச்சல்’ என்று ஒரு திட்டத்தை அறிவித்தார். பள்ளிக்குக் கம்ப்யூட்டர், பள்ளிக்கு இணையம், வாத்தியார்களுக்குப் பயிற்சி. 2001 வாக்கில் எல்லாப் பள்ளிக்கும் இணையம் போய்விட்டது. அதே வருடம் அரசுத் துறைகளின் தகவல்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள எக்ஸ்-ரோடு வந்தது. 2002ல் சிப் வைத்த அடையாள அட்டை, 2005ல் உள்ளாட்சித் தேர்தலில் இணைய ஓட்டு. ஸ்கைப்புக்கு நிரல் எழுதியதும் அந்த ஊர்ப் பையன்கள்தான்.

ஆனால் அந்த நாட்டின் மொத்த ஜனமே 13 லட்சத்துச் சொச்சம். 2011 கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாவட்டம் மட்டும் பதினேழரை லட்சம். நம் கலெக்டரை எஸ்டோனியாவுக்கு அனுப்பினால் வேலை குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்.

16 மார்ச், காலை

நேற்றுப் போட்ட கணக்கு தப்பு. 2,000 கோடி முதல் கட்டத்துக்கு மட்டுமாம், முதல் கட்டத்தில் பத்து லட்சம் பேர். அப்படியானால் தலைக்கு இருபதாயிரம். பையும் மவுஸும் ஜோக்கை வாபஸ் வாங்குகிறேன். தூக்கக் கலக்கத்தில் வகுத்தல் போடக் கூடாது.

18 மார்ச்

‘விற்றுத் தின்றார்கள்’ என்பதைப் பற்றி இரண்டு நாளாக ஒரே யோசனை.

நானும் இதே வார்த்தையை எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறேன். 2012, 13ல் சர்வீஸ் கடைகளில் மூடியில் முதல்வர் படத்தோடு வரிசையாக லேப்டாப் அடுக்கியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். செகண்ட்ஸ் விலை கேட்டு ஆட்கள் வந்ததும் உண்மை. அதை வைத்துத்தான் பாதிப் பேர் என்று அடித்துவிட்டேன்.

முந்தாநாள் ராத்திரி ஒரு பழைய நோட்டை எடுத்து, 2011 முதல் 2013 வரை என் சென்டருக்கு வந்த பிளஸ் டூ பிள்ளைகளில் லேப்டாப் வாங்கியவர்கள் பேரை எழுதிப் பார்த்தேன். நினைவுக்கு வந்தது 26 பேர். அதில் விற்றது எனக்குத் தெரிந்து 4 பேர். ஒருத்தன் அக்கா கல்யாணத்துக்கு, ஒருத்தன் ஏஜென்சி வைத்திருந்த சித்தப்பா கேட்டார் என்று. மற்ற இருவர் ஏன் விற்றார்கள் என்று தெரியாது. மிச்சம் 22. அதில் படம் பார்த்தே தேய்த்தவர்கள்தான் நிறைய, மறைக்க என்ன இருக்கிறது. சர்வீஸ் கடையில் நான் பார்த்த பெட்டிகளில் பாதி ரிப்பேருக்கு வந்ததாகவும் இருக்கலாமே. அன்றைக்கு அது தோன்றவில்லை.

அந்த 22ல் ஒருத்தனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2012, மழைக்காலம். மத்தியானம் யாருமில்லாத நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடி ஏறி வந்தான். அவன் பெட்டியில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பதிப்பில் பின்னணிப் படத்தை மாற்ற வழியே கிடையாது. ரைட் கிளிக் செய்தால் அந்த வரியே வராது. இவனுக்கு அஜித் படம் வைத்தாக வேண்டும். சிஸ்டத்துக்குள் அந்தப் படம் எந்தக் கோப்பு என்று அவனே தேடிக் கண்டுபிடித்து, அதே பெயரில் அஜித்தை வைத்து மாற்றப் பார்த்திருக்கிறான். ‘ட்ரஸ்டட் இன்ஸ்டாலரிடம் அனுமதி பெற வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து மறித்துவிட்டது.

என்னிடம் அவன் கேட்டது இதுதான்: “சார், யாரு சார் இந்த ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்? எல்காட்ல இருப்பாரா?”

எல்காட் என்பது அந்த லேப்டாப்புகளை வாங்கிக் கொடுத்த தமிழக அரசு நிறுவனம். ட்ரஸ்டட் இன்ஸ்டாலரோ ஆளே இல்லை, விண்டோஸ் தன் கோப்புகளைக் காக்க உள்ளே வைத்திருக்கும் ஒரு கணக்கு. சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. அப்புறம் உட்கார்ந்து, ஒரு கோப்புக்கு உரிமையாளர் என்று ஒருவர் உண்டு, அந்த உரிமையை எப்படி நம் பேருக்கு மாற்றுவது, மாற்றினால் என்ன ஆபத்து என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். சென்டரில் டிசிஏ என்ற கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அதை நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. யாரும் கேட்டதில்லை, சிலபஸிலும் இல்லை.

அஜித் வந்தார். அடுத்த வாரம் சிஸ்டம் பூட் ஆகவில்லை, அது வேறு கதை. இன்றைக்கு அவன் எங்கள் பக்கத்தில் சிசிடிவி கேமரா போட்டுக் கொடுக்கிறான், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். ஸ்டார்ட்டப் என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

19 மார்ச்

‘பூட் ஆகாததற்கு என்ன செய்தான்’ என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அவன் பெட்டியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்று இன்னொரு இயங்குதளமும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்தது. சிஸ்டத்தைப் போட்டால் எது வேண்டும் என்று இரண்டு வரி கேட்கும். அதுவரை அந்த இரண்டாவது வரியை அவன் தொட்டதில்லை. விண்டோஸ் போனதும் வேறு வழியில்லாமல் அதில் போய், ஒரிஜினல் படத்தைத் திருப்பி வைத்தும் சரியாகாமல், கடைசியில் முழுசாக அழித்து மறுபடி போட்டான். கெட்டது என்ன என்று இன்றுவரை எனக்கும் தெரியாது. கேட்டால், “சார், அது நான் வேற ஒண்ணையும் டெலிட் பண்ணிட்டேன்” என்கிறான்.

விஜய் ரசிகர்கள் யாரும் இந்த இழையில் சண்டைக்கு வர வேண்டாம்.

23 மார்ச்

இப்போது நான் இருக்கும் லேபைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

60 சிஸ்டம். செருப்பை வெளியே விட வேண்டும். யுஎஸ்பி துளைகளில் டேப் ஒட்டியிருக்கும். எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது, பாஸ்வேர்டு என்னிடமும் துறைத் தலைவரான எச்.ஓ.டி.யிடமும் மட்டும். மாணவன் வாரம் இரண்டு முறை வருவான், ஒதுக்கிய சிஸ்டத்தில் உட்காருவான், பலகையில் இருப்பதைப் பார்த்து அடிப்பான், அவுட்புட் வந்ததும் கையெழுத்து வாங்குவான்.

அப்புறம் ரெக்கார்டு நோட்டு. வெளியூரில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். சி புரோகிராமை வலது பக்கம், கோடு போட்ட தாளில், நீல மையில் எழுத வேண்டும். இடது பக்கம் கோடு போடாத தாள். அதில் திரையில் வந்த அவுட்புட்டைப் பென்சிலால், ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுத வேண்டும். பிழை திருத்தினால் வெள்ளை மை கூடாது. பத்து எக்ஸர்சைஸ் முடிந்தால் பழுப்புக் காகித அட்டை போட்டு லேபிள் ஒட்ட வேண்டும். கடைசி வாரத்தில் ரெக்கார்டு எழுதிக் கொடுக்க ஜூனியர் பெண்பிள்ளைகளைக் கெஞ்சும் கூட்டம் தனி.

புள்ளி, கமா எங்கே என்று தெரியாமல் ஒரு பையன் நூறு பக்கம் அழகாக எழுதியதைப் பார்த்திருக்கிறேன். செமிகோலனை எல்லாம் முழு வட்டமாகப் போட்டிருந்தான். பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறான், பாவம். அவனுக்குப் பத்துக்குப் பத்து போட்டது நான்தான்.

24 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, ‘அந்த லேபைப் பூட்டி வைக்கும் மூடர்கள் யார்’ என்று ஒருவர் கொதித்திருக்கிறார். ஐயா, சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது.

ஏன் பூட்டுகிறேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஸ்டாக் ரிஜிஸ்டர். 60 சிஸ்டம், 60 கீபோர்டு, 60 மவுஸ், எல்லாம் என் கையெழுத்தில். வருஷா வருஷம் வேறு துறையிலிருந்து ஒரு வாத்தியார் வந்து எண்ணுவார். ஒரு மவுஸ் குறைந்தால் மெமோ. வேலையை விட்டுப் போகும்போதும் ரிட்டயர் ஆகும்போதும் பாக்கி இல்லை என்று ‘நோ ட்யூஸ்’ வாங்கினால்தான் பணம் வரும். எனக்கு முன்னால் இருந்தவர் எட்டு ரேம் சிப் காணாமல் போனதற்குக் கைக்காசு கட்டிவிட்டுப் போனார். எடுத்தது அவரில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொண்டால் எனக்கு எந்த ரிஜிஸ்டரிலும் வரவு கிடையாது. ஒரு மவுஸ் போனால் பற்று உண்டு. இப்படி இருக்கும்போது நீங்களாக இருந்தாலும் டேப் ஒட்டுவீர்கள்.

அந்த அஜித் பையன் கெடுத்தது அவன் சொந்தப் பெட்டி. அவனை யாரும் மெமோ கேட்க முடியாது. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, 15ஆம் தேதி ராத்திரி நான் உங்கள் கட்சி என்று சொன்னேனே தம்பி, அதிலிருந்து பாதி விலகிவிட்டேன் போல. பெட்டியைக் கொடுத்ததுதான் உருப்படியாக நடந்த காரியமோ என்னவோ.

30 மார்ச்

பாலக்காட்டு நண்பர் ஒருவர் நீண்ட கடிதம் போல எழுதி அனுப்பியிருக்கிறார், அவர் பள்ளி ஆசிரியர். சாரத்தை மட்டும் தருகிறேன், இடையில் என் குறுக்கீடு இருக்கும்.

கேரளத்தில் 2001ல் ‘ஐடி அட் ஸ்கூல்’ தொடங்கினார்கள். 2017ல் அது ‘கைட்’ என்ற அரசு நிறுவனம் ஆனது. அவர்கள் பள்ளிகளில் ஓடுவது லினக்ஸ், தங்களுக்கென்று தொகுத்துக்கொண்ட பதிப்பு. மலையாளத்திலேயே மெனு. பள்ளிக்கு ஒரு ஆசிரியர் ஐடி பொறுப்பாளர். அவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை, மலையாளம் நடத்துபவராகவும் இருக்கலாம், கணக்கு நடத்துபவராகவும் இருக்கலாம்.

நண்பர் முக்கியமாகச் சொல்வது ‘லிட்டில் கைட்ஸ்’. 2018ல் வந்தது, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் குழு. அனிமேஷன், நிரல், மலையாளத் தட்டச்சு, கூடவே ஹார்டுவேர். பள்ளியில் ஒரு புரொஜெக்டர் மக்கர் பண்ணினால் முதலில் கூப்பிடுவது இந்தப் பிள்ளைகளைத்தானாம். “ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு ஸ்டூல் போட்டு ஏறி வயரை மாட்டுவா, நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடிச்சுக்குவேன்” என்கிறார்.

இதைப் படித்ததும் எனக்குப் பொறாமை வந்தது. அங்கேயும் ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்குமே, அது என்னாச்சு என்று கேட்டேன். இருக்கிறதாம். ஆனால் பிள்ளைகள் தொட்டுக் கெட்டதென்றால் யாரும் சண்டைக்கு வருவதில்லையாம். அது அவர் பள்ளியின் வழக்கமா, மாநிலம் முழுக்க அப்படியா என்று கேட்டதற்கு, “என் பள்ளியைத்தான் எனக்குத் தெரியும்” என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

2 ஏப்ரல்

சம்பந்தமில்லாதது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் தெருமுனையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்று உண்டு. காலை ஆறு மணிக்கே தடதடவென்று ஆரம்பித்துவிடும். என் கம்ப்யூட்டர் சென்டர் வந்தது, ஓய்ந்தது. பிரவுசிங் சென்டர்கள் நாலைந்து வந்தன, ஜெராக்ஸ் கடையாக மாறின. இது மட்டும் அப்படியே நிற்கிறது. அதே இரும்பு மிஷின், அதே ஏஎஸ்டிஎஃப். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. காரணம் என்ன? அரசு வேலை. குரூப் 4ல் டைப்பிஸ்ட் இடம் இருக்கும்வரை இங்கே ஆள் வரும்.

அங்கே மிஷின் கெட்டால் மாஸ்டரே கவிழ்த்துப் போட்டு ஸ்பிரிங் மாட்டுவார். கூட இரண்டு பிள்ளைகள் எண்ணெய் டப்பாவோடு உட்கார்ந்திருக்கும். எந்த எழுத்து எந்தக் கம்பியில் இருக்கிறது என்று அவர்களுக்கு அத்துப்படி. 24ஆம் தேதிக் குறிப்போடு சேர்த்துப் படிக்கவும்.

இன்னொன்று. 1999ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடத்தி, தமிழ் 99 என்று ஒரு விசைப்பலகை கொண்டுவந்தார்கள். உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு, அருமையான அமைப்பு. நான் சென்டரில் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். டைப்ரைட்டிங் படித்தவர்கள் பழைய மிஷின் வரிசையே வேண்டும் என்றார்கள், படிக்காதவர்கள் ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் அடித்தால் வரவேண்டும் என்றார்கள். தமிழ் 99 கற்றுக்கொண்டு அதிலேயே அடிப்பவன் எங்கள் தெருவில் நான் ஒருத்தன்தான். இந்த இழையையும் அதில்தான் அடிக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமைதான்.

13 ஏப்ரல்

‘பெட்டி வேண்டாம், பயிற்சிதான் முக்கியம்’ என்று மூன்றாவது முறையாக ஒருவர் எழுதியிருக்கிறார். பயிற்சியைப் பற்றியும் பார்த்துவிடுவோம்.

2017ல் மத்திய அரசு கிராமங்களுக்கு என்று ஒரு டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் கொண்டுவந்தது. சுருக்கப் பெயர் பிஎம்ஜிதிஷா. இலக்கு 6 கோடி கிராமக் குடும்பங்கள், வீட்டுக்கு ஒருவர். பாடம் மொத்தம் 20 மணி நேரம். கம்ப்யூட்டரை, போனைப் போட்டு அணைப்பது, இணையத்தில் தேடுவது, மெயில், பணம் அனுப்புவது. கடைசியில் ஆன்லைன் பரீட்சை. 2024 மார்ச்சில் முடிந்தபோது பயிற்சி பெற்றவர்கள் 6.39 கோடி என்று கணக்கு. இலக்கைத் தாண்டிவிட்டார்கள். எஸ்டோனியாவைப் போல 45 மடங்குக்கும் மேல்!

அதில் ஒரு துளி நானும். விடுமுறையில் ஒரு சென்டருக்கு உதவிக்குப் போனேன். ஆள் பரீட்சை பாஸானால்தான் சென்டருக்குக் காசு, தலைக்கு 300 ரூபாய். அந்தச் சென்டர்காரர் கெட்டவர் இல்லை, வாடகை கட்ட வேண்டும். இருபது மணி நேரம் ஒரு நாள் மத்தியானமாகச் சுருங்கியது.

பரீட்சைக்கு ஆதார் கைரேகை வேண்டும். வந்தவர்களில் தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு ஆச்சி. குச்சி அடுக்கி அடுக்கி, மருந்திலும் பசையிலும் விரல் நுனி கண்ணாடி மாதிரி வழுக்கிவிட்டது. ரேகை விழவே இல்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தோம். ஈரத்துணியில் துடைத்தோம், தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தோம். “ஏய்யா, நான் நானில்லைங்குதா அது?” என்று கேட்டது ஆச்சி.

கடைசியில் இடது மோதிர விரலில் விழுந்தது. அதற்குள் சாயங்காலம். பரீட்சைக் கேள்விகளை யார் படித்தார்கள், பதிலை யார் அமுக்கினார்கள் என்பதை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆச்சி பாஸ். சான்றிதழை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

பக்கத்துக் கிராமத்தில் இதே பாடத்தைப் பத்து நாளும் ஒழுங்காக நடத்திய ஒரு பொண்ணையும் எனக்குத் தெரியும். அவளிடம் படித்தவர்கள் இன்று ஃபோனில் கேஸ் புக் செய்கிறார்கள், கரண்ட் பில் கட்டுகிறார்கள். சான்றிதழ் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது, ஆச்சிக்கும் அவர்களுக்கும்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து சொல்ல வந்தவர்களுக்கு நன்றி. ஆச்சி பெயரைக் கேட்காதீர்கள். 45 மடங்கை இரண்டு பேர் போட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கிறார்கள், இந்த முறை காலையில் வகுத்தேன்.

27 ஏப்ரல்

18 மார்ச் குறிப்புக்கு ஒரு திருத்தம். சின்னத் திருத்தம் இல்லை.

என் மனைவி அந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இருபத்தாறுல பொண்ணு எத்தனை?” எண்ணினால் பதினொன்று. “அதுல லேப்டாப்பை நோண்டிக் கத்துக்கிட்டது எத்தனை?” யோசித்து யோசித்து ஒன்று.

பதினொரு பேரும் சென்டருக்கு ஒழுங்காக வந்தவர்கள், டாலி என்ற கணக்கு எழுதும் மென்பொருளில் பையன்களைவிடக் கெட்டி. ஆனால் வீட்டில் அந்தப் பெட்டி யார் கையில் இருந்தது? அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டு மாமா மகன். ஒருத்தி சொன்னது நினைவிருக்கிறது, அவள் அப்பா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், கல்யாணத்துக்குக் கொடுக்கலாம் என்று. பட்டுப்புடவைக்குக் கீழே. மூன்று வருஷம் கழித்து எடுத்தபோது பேட்டரி செத்துப்போயிருந்தது.

இது எங்கள் ஊர்க்கதை மட்டுமில்லை. 2023ல் ஏசர் (ASER, லேப்டாப் கம்பெனி இல்லை, பிள்ளைகளின் கல்வி பற்றிய ஆய்வு) அறிக்கைக்காக 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளை நாட்டின் பல மாவட்டங்களில் கேட்டிருக்கிறார்கள். ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக ஃபோன் வைத்திருந்தது பையன்களில் 43.7 சதவீதம், பெண்களில் 19.8. பாதிகூட இல்லை.

ஆக, ‘சொந்தப் பெட்டி, மெமோ கேட்க ஆளில்லை’ என்று நான் தத்துவம் பேசியது பாதிப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பெண்பிள்ளைக்கு வீட்டிலேயே ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கிறது. அவளுக்குப் பூட்டாத லேப் வேண்டும். நான் பூட்டி வைத்திருக்கிறேன்.

அந்த ஒருத்தி என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். வீட்டில் தம்பி கேம் விளையாடி விளையாடித் திரையே வராமல் ஆக்கிவிட்டான். ‘கெட்டுப்போச்சு’ என்று ஒதுக்கிப் போட்டபிறகுதான் அது அவள் கைக்கு வந்தது. சென்டருக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்மூடியைக் கழற்றி ரேமை எடுத்து, பென்சில் பாக்ஸிலிருந்த ரப்பரால் அதன் தங்கப் பட்டையைத் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகச் சொன்னேன். முதல் தடவை சரியாக உட்காரவில்லை. இரண்டாம் தடவை ‘டிக்’ என்று விழுந்தது, திரை வந்தது. வீட்டில் சொல்லாதே என்றேன். சொல்லவில்லை. ஒரு வருஷம் ‘கெட்டுப்போன’ லேப்டாப்பில்தான் படித்தாள்.

28 ஏப்ரல்

ரப்பர் வைத்தியம் எல்லா நோய்க்கும் இல்லை. நேற்று படித்துவிட்டு மதர்போர்டு முழுக்கத் தேய்த்தவர் கடைக்குக் கொண்டுபோகவும்.

6 மே

எஸ்டோனியாவுக்குத் திரும்புகிறேன், அந்தப் பேச்சை விட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டோம்.

புலிப் பாய்ச்சல் யோசனைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் டூமாஸ் ஹென்ட்ரிக் இல்வெஸ். அப்போது அமெரிக்காவில் அவர்கள் தூதர், பின்னால் 2006 முதல் 2016 வரை அதிபர். அவர் வளர்ந்தது நியூ ஜெர்சியில். பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்ததுதான் விதை என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் என்றாலே பல்கலைக்கழகத்துச் சமாச்சாரமாக இருந்த காலம் அது. பள்ளிப் பிள்ளைகளைத் தொட விட்டிருக்கிறார்கள்.

அந்த டீச்சர், யாராவது ஸ்டாக் எண்ண வந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இந்த வருடம் எஸ்டோனியாவில் ‘டிஐ பாய்ச்சல்’ அறிவித்திருக்கிறார்கள், நாம் ஏஐ என்பதை அவர்கள் மொழியில் டிஐ என்கிறார்கள். செப்டம்பரிலிருந்து 10, 11ஆம் வகுப்பு மாணவர்கள் 20,000 பேருக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. நம் லேபில் சாட்ஜிபிடி தளத்தைத் தடுத்து வைக்கச் சொல்லி உத்தரவு. பிள்ளைகள் ஃபோனில் பார்த்துவிட்டு ரெக்கார்டில் நீல மையில் எழுதுகிறார்கள்.

19 ஜூன்

கல்லூரி திறந்தாயிற்று. இந்த இழையை வாசித்த ஒருவர், ‘எழுதிக் கிழித்தது போதும், நீங்கள் என்ன செய்தீர்கள்’ என்றார். நியாயம்.

எங்கள் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. கண்டெம் செய்த, அதாவது இனி உதவாது என்று கழித்த சிஸ்டம் முப்பதுக்கு மேல் அடுக்கி வைத்திருக்கிறது, ஏலத்துக்காக. சிலது எட்டு வருஷமாக. அதிலிருந்து நாலு மட்டும் கொடுங்கள், பிள்ளைகள் பிரித்துப் பார்க்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஃபைல் மேலே போயிருக்கிறது.

11 ஆகஸ்ட்

ஃபைல் வந்தது. ‘கழிவு செய்யப்பட்ட பொருட்களை ஏலம் முடியும்வரை பயன்படுத்த விதியில் இடமில்லை.’ ஒரு எலி அந்த அறைக்குள் குடும்பம் நடத்துகிறது, அதற்கு விதியில் இடமிருக்கிறது போல.

எச்.ஓ.டி. மேல் தப்பில்லை, அவரும் கையெழுத்துப் போட்டவர்தான்.

5 செப்டம்பர்

நம் சிசிடிவிக்காரனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். நேற்று ஆட்டோவில் மூன்று பழைய சிஸ்டமும், மூடியில் படம் பாதி உரிந்த ஒரு லேப்டாப்பும் அனுப்பியிருக்கிறான். அது அவனுடைய அதே பெட்டி. இன்னும் ஓடுகிறது, பின்னணியில் இப்போது அவன் மகள் படம்.

என் வீட்டு மாடியில் வைத்திருக்கிறேன். எந்த ரிஜிஸ்டரிலும் இல்லாத சொத்து. நாளை சனிக்கிழமை காலை பத்து மணி என்று வகுப்பில் சொன்னேன், விருப்பமிருந்தால் வரலாம் என்று. ஒன்பது பேர் பேர் கொடுத்திருக்கிறார்கள், ஆறு பேர் பெண்பிள்ளைகள். டீயும் கடலை மிட்டாயும் வீட்டுச் செலவு என்று மனைவி ஒப்புக்கொண்டாள்.

ஸ்குரூ டிரைவர் இரண்டுதான் இருக்கிறது. பக்கத்தில் யாரிடமாவது நட்சத்திர முனை இருந்தால் காலை எட்டு மணிக்குள் சொல்லுங்கள்.